கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் போதுமா? வெளிநாட்டு உதவித்தொகை பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 32. குடிநீர்த் துறையில் அரசுப் பொறியாளர். 22 வயதில் சிவில் இன்ஜினியரிங் முடித்தவர், மதிப்பெண் 62 சதவீதம். நான்கு வயதில் ஒரு மகள். நீர் மேலாண்மையில் வெளிநாட்டில் முதுகலை படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கைக்காசு போட்டுப் படிக்க வசதியில்லை, அதனால் வளரும் நாட்டினருக்கான உதவித்தொகைகளைத் தேடத் தொடங்கியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. இந்த மதிப்பெண்ணுக்கு யார் உதவித்தொகை தருவார்கள்? வயது தாண்டிவிட்டதா? வேலையை விட்டுவிட்டு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கும் விண்ணப்பங்களுக்கும் முழுநேரமாக உட்காரலாமா? படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று கையெழுத்துக் கேட்கிறார்களே, அது எவ்வளவு தீவிரமானது? “அதெல்லாம் சும்மா சம்பிரதாயம், போட்டுவிட்டுப் போ, அங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம், அப்புறம் நாங்களும் வந்துவிடுகிறோம்” என்கிறாராம் கணவர். இதற்கு நடுவில் ஓர் ஏஜென்ட், உதவித்தொகை உறுதி என்று சொல்லி முன்பணமும் அசல் சான்றிதழ்களும் வாங்கி வைத்திருக்கிறார். கட்டுரைகளை அவரே எழுதித் தருவாராம்.

அன்புள்ள சகோதரி,

உதவித்தொகை கிடைக்குமா என்று கடிதத்தின் தொடக்கத்திலும், திரும்பி வந்தே ஆக வேண்டுமா என்று கடைசியிலும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்று நினைத்திருக்கிறீர்கள். பல வருடங்களாக இந்த விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒரே கேள்விதான். படிப்புக்குப் பிறகு எங்கே வாழப்போகிறீர்கள் என்பதை நீங்களும் கணவரும் முதலில் பேசி முடித்துவிடுங்கள். எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது, கட்டுரையில் என்ன எழுதுவது, நேர்காணலில் என்ன சொல்வது என்பதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும். அதை முடிவு செய்யாமல் எழுதிய விண்ணப்பம் படிக்கும்போதே தடுமாறும். எதிர்காலத் திட்டம் பற்றிய பத்தியில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் செவெனிங் 1983-இல் தொடங்கியது. தங்கள் நாட்டில் நாளை பொறுப்புக்கு வரக்கூடியவர்களை ஓராண்டு படிக்க வைத்து அனுப்புவதுதான் அதன் நோக்கம். ஜப்பான் அரசின் பணத்தில் உலக வங்கி 1987 முதல் நடத்தும் உதவித்தொகை, வளரும் நாடுகளில் வளர்ச்சிப் பணியில் இருப்பவர்களுக்கானது. ஆஸ்திரேலியா அவார்ட்ஸ், ஆசிய வளர்ச்சி வங்கி வழியாக ஜப்பான் தரும் உதவித்தொகை எல்லாமே இதே வழியில்தான் யோசிக்கின்றன. நன்றாகப் படித்தவருக்குப் பரிசு என்று இவற்றை நினைத்தால், 62 சதவீதம் உங்களைப் பயமுறுத்தத்தான் செய்யும். இவர் திரும்பிப் போனால் அங்கே என்ன மாறும் என்பதுதான் தேர்வுக் குழுவின் கேள்வி. அதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது.

மதிப்பெண்ணும், நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியும்

“இரவில் தண்ணீர் ஓட்டத்தை அளந்து கசிவு கண்டுபிடிக்கும் வேலை கொஞ்சம் செய்திருக்கிறேன்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, உடனே மதிப்பெண் கவலைக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஊர் தூங்கும் நேரத்தில் குழாயில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு கசிவுதான். அதை அளந்து, பகுதி பகுதியாக வால்வை அடைத்துப் பார்த்து, ஓட்டை எங்கே என்று நெருங்குவது பொறுமையும் ஆள் பலமும் கேட்கும் வேலை. நள்ளிரவில் ஊழியர்களை வரவைத்தது யார்? இதெல்லாம் எதற்கு என்று கேட்ட மேலதிகாரியை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? வேலைக்கு முன்பு எவ்வளவு தண்ணீர் கணக்கில் வராமல் போனது, பின்பு எவ்வளவு? எந்த இடத்தில் உங்கள் படிப்பு போதவில்லை என்று உணர்ந்தீர்கள்? இந்த நான்குக்கும் உண்மையான பதிலை எண்களோடு எழுதினால், தலைமைப் பண்பு பற்றி செவெனிங் கேட்கும் கேள்விக்கும், ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கும் பாதிப் பதில் கையில் வந்துவிடும். தலைமைப் பண்பு என்றதும் பலர் கல்லூரிச் சங்கத்தில் வகித்த பதவியைத் தேடி ஓடுகிறார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை.

அதற்காக மதிப்பெண்ணே பொருட்டில்லை என்று சொல்ல மாட்டேன். காமன்வெல்த் உதவித்தொகை பிரிட்டிஷ் கணக்கில் மேல்நிலை இரண்டாம் வகுப்புக்குச் சமமான பட்டம் கேட்கிறது. அதற்குக் குறைந்தால் தொடர்புடைய முதுநிலைத் தகுதி ஒன்று வேண்டும். உங்கள் 62 அந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்பது உங்கள் நாட்டையும் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தையும் பொறுத்தது. சேர நினைக்கும் பல்கலைக்கழகங்கள் நாடுவாரியாக மதிப்பெண் சமநிலையை வெளியிடுகின்றன, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். செவெனிங்கைப் பொறுத்தவரை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்பில் இடம் கிடைக்கும் அளவுக்குப் பட்டம் இருந்தால் போதும்.

வயதை விட்டுவிட்டுத் தேதிகளைப் பாருங்கள்

முப்பது தாண்டினால் கதவு மூடிவிடும் என்பது பொதுவாகப் பரவியிருக்கும் தவறான எண்ணம். செவெனிங்குக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்கும் வயது வரம்பு இல்லை. கொரிய அரசு உதவித்தொகை முதுகலைக்கு 40 வயதுக்குள் இருக்கச் சொல்கிறது. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை, சீன அரசு உதவித்தொகை, ஆசிய வளர்ச்சி வங்கி வழித் திட்டம் ஆகியவற்றில் கோடு 35-ஐ ஒட்டி வருகிறது, ஆக அவற்றுக்கு உங்களிடம் இரண்டு மூன்று வருடம்தான் மிச்சம். துருக்கி அரசுத் திட்டம் முதுகலைக்கு 30-க்குக் கீழ் கேட்பதால் அது உங்களுக்கு இல்லை.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு தேதி இருக்கிறது. ஜெர்மனியின் டாட் அமைப்பு வளரும் நாட்டுப் பணியாளர்களுக்கென்று நடத்தும் முதுகலைத் திட்டத்தை உங்கள் பட்டியலின் உச்சியில் வைத்திருக்கிறீர்கள். அது குறைந்தது இரண்டு வருடப் பணி அனுபவம் கேட்கிறது, அது உங்களிடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் கடைசியாகப் பெற்ற பட்டம் பொதுவாக ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் பட்டத்துக்குப் பத்து வயது. ஏஜென்ட் இதைச் சொல்லவில்லை என்பதே அவர் விதிமுறைகளைப் படிக்கவில்லை என்று காட்டுகிறது. அந்தத் திட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விதிவிலக்கு இருக்கலாம் என்று நினைத்தால், விண்ணப்பிப்பதற்கு முன்பே அந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

வேலையை விடாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உலக வங்கித் திட்டம் கடந்த ஆறு ஆண்டுகளில் குறைந்தது மூன்று ஆண்டுகள் வளர்ச்சி சார்ந்த முழுநேர ஊதியப் பணி கேட்கிறது. பெரும்பாலான நாட்டினர் விண்ணப்பிக்கும் நேரத்திலும் அப்படியொரு வேலையில் இருக்க வேண்டும். செவெனிங் கேட்பது 2,800 மணி நேரப் பணி அனுபவம், ஸ்வீடன் அரசின் ஸ்வீடிஷ் இன்ஸ்டிடியூட் உதவித்தொகை கேட்பது 3,000 மணி நேரம். இவர்கள் தேடும் ஆளாக உங்களை ஆக்குவதே உங்கள் வேலைதான். ஐஇஎல்டிஎஸ்ஸை மாலை நேரத்தில் படித்து எழுதிவிடலாம். அகாடமிக் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டியே எழுதிவிட வேண்டாம்.

திரும்பி வருவேன் என்ற கையெழுத்து

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொல்கிறார். ஆனால் அது சம்பிரதாயம் என்பது தவறு. ஒவ்வொரு நாடும் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் வேறு வேறு பூட்டு வைத்திருக்கிறது.

அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போகிறவர் பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் போகிறார். இரண்டு வருடம் சொந்த நாட்டில் வசித்து முடிக்கும்வரை ஹெச், எல் வகை வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ கிடைக்காது. இது குடிவரவுச் சட்டத்திலேயே இருக்கும் நிபந்தனை. அமெரிக்கக் குடிமகனை மணந்தாலும் அது தானாக நீங்காது. விலக்குக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அமெரிக்க அரசுப் பணத்தில் படித்தவருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

ஆஸ்திரேலியா அவார்ட்ஸில் படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு வருடம் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். மீறினால் உங்களுக்காகச் செலவான முழுத் தொகையும் உங்கள் பெயரில் கடனாக நிற்கும். கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதப்படி எல்லாம் சேர்ந்த தொகை அது. ஓர் அரசு ஊழியர் குடும்பத்தால் தாங்க முடியாத கடன்.

பிரிட்டனின் செவெனிங், திரும்பிப் போய்க் குறைந்தது இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கச் சொல்கிறது. அங்கே படிப்புக்குப் பிறகு வேலை தேடக் கிடைக்கும் கிராஜுவேட் விசாவைத்தான் உங்கள் கணவர் மனதில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அரசோ சர்வதேச உதவித்தொகை நிறுவனமோ கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கொடுத்துப் படிக்க வைத்தவர், உதவி முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் அங்கிருந்தபடியே அந்த விசாவுக்கு விண்ணப்பித்தால், பணம் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். திரும்பிப் போங்கள் என்று கையெழுத்து வாங்கியவர்களிடமே போய் இருக்கச் சம்மதம் கேட்க வேண்டியிருக்கும்.

சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் உங்கள் துறை மேலதிகாரி. திரும்பாமல் போனால் அடுத்த முறை உங்கள் அலுவலகத்திலிருந்து கிளம்பும் பெண்ணுக்கு அவர் கடிதம் எழுதத் தயங்குவார். இது நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் குடியேற ஆசைப்படுவது குற்றமல்ல. நீங்கள் இருவரும் யோசித்து அதுதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டங்களில் திரும்பியாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம் தருகிறார்கள், கல்விக் கட்டணமும் கிடையாது. நீர் தொடர்பான படிப்புகளும் அதில் உண்டு. ஆய்வு அடிப்படையிலான முதுகலைக்கு வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களின் திட்டங்களில் ஊதியத்தோடு சேர்வது இன்னொரு வழி. அந்தப் பாதையில் போனால் மதிப்பெண்ணுக்கு எடை கூடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

திரும்பி வருவது என்று முடிவெடுத்தால் உங்கள் நிலைமை இன்னும் வலுவானது. அரசுத் துறையில் சம்பளத்தோடோ இல்லாமலோ படிப்பு விடுப்பு கிடைத்தால், திரும்பி வந்து சில வருடம் வேலை பார்க்கப் பெரும்பாலும் உங்கள் துறையே ஒப்பந்தம் கேட்கும். உதவித்தொகையின் இரண்டு வருட நிபந்தனையும் அந்த ஒப்பந்தமும் ஒரே காலத்தில் ஒன்றாகவே கழிந்துவிடும். திரும்பி வரும்போது பழைய வேலை காத்திருக்கும் என்று துறையிடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிவிட்டால், எதிர்காலத் திட்டம் பற்றி நீங்கள் சொல்வதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. அரசு ஊழியர் வெளியே விண்ணப்பிக்கவே முன் அனுமதி தேவைப்படலாம், நிர்வாகப் பிரிவில் முதலில் அதை விசாரியுங்கள். தேர்வான பிறகு அனுமதி மறுக்கப்பட்டு இடத்தை இழப்பது மிகவும் வலிக்கும்.

மகள்

மகளைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அவள் இருக்கிறாள். செவெனிங் குடும்பத்துக்குப் பணம் தருவதில்லை. 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் சாதாரண முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பில் அரசு உதவித்தொகையோடு வருகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் செலவு முழுக்க உங்களுடையது. எராஸ்மஸ் முண்டஸில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். நாடு மாறும்போது வீடு, விசா, குழந்தையின் பள்ளி எல்லாமே மாறும்.

என் கருத்து, ஓராண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்து, மகள் அப்பாவோடு வீட்டில் இருப்பதுதான் உங்களுக்குப் பொருந்தும். ஓராண்டு பிரிவு கடினம்தான், ஆனால் கடந்துவிடக்கூடியது. உங்கள் கணவர் அதற்குத் தயாரா என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள். “நாங்களும் வந்துவிடுகிறோம்” என்று அவர் சொல்வதன் பின்னால், தனியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பற்றிய பயமும் இருக்கலாம். அதைப் பேசித் தீர்க்காமல் கட்டுரை எழுத உட்காராதீர்கள்.

எதற்கெல்லாம் விண்ணப்பிப்பது?

கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. திரும்பி வருவதாக இருந்தால் செவெனிங், உலக வங்கித் திட்டம், ஆசிய வளர்ச்சி வங்கி வழித் திட்டம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். உங்கள் நாடு அந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அதிகாரபூர்வத் தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். செவெனிங்கில் மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும், உதவித்தொகை விண்ணப்பம் ஒரு பக்கமும் பல்கலைக்கழக விண்ணப்பங்கள் இன்னொரு பக்கமுமாக ஓடும். உலக வங்கித் திட்டத்தில் அவர்கள் பட்டியலிட்ட படிப்பு ஒன்றில் இடம் கிடைத்த பிறகுதான் உதவித்தொகையே கேட்க முடியும். ஆக, இன்று தொடங்கினால் வகுப்பில் உட்கார ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

ஏஜென்ட் விஷயம், இந்த வாரமே

யாராலும் இந்த உதவித்தொகைகளை உறுதி செய்து தர முடியாது. செவெனிங், டாட், ஃபுல்பிரைட் எதற்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குக் கட்டணம் கேட்கும், ஸ்வீடனில் 900 குரோனர் போல. அதை நீங்களே நேரடியாகக் கட்டலாம். கட்டுரையை அவர் எழுதக் கூடாது. நேர்காணலில் உங்கள் முன்னால் வைத்து அதிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள்.

முதலில் அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெறுங்கள். முன்பணத்துக்கு ரசீது இருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், ஆனால் பணத்துக்காகச் சான்றிதழ்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். பிறகு, உங்கள் பெயரில் எந்தெந்தத் தளங்களில் கணக்குத் திறந்திருக்கிறார், எந்த மின்னஞ்சல் கொடுத்திருக்கிறார் என்று எழுதி வாங்கி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். ஏற்கெனவே ஏதாவது விண்ணப்பம் சமர்ப்பித்துவிட்டாரா என்று தெரிந்துகொள்வது மிக அவசியம். செவெனிங் போன்ற திட்டங்களில் ஒருவர் ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான் போடலாம். அவர் அனுப்பியதில் பொய்யான பணி விவரமோ வேறு யாருடைய கட்டுரையோ இருந்தால், கடைசித் தேதிக்கு முன்பே அந்த உதவித்தொகை அலுவலகத்துக்கு நீங்களே எழுதி, அது உங்கள் ஒப்புதல் இல்லாமல் சமர்ப்பிக்கப்பட்டது என்று சொல்லி விலக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பதிலை அச்செடுத்துப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது கேள்வி வந்தால் அது தேவைப்படும்.